மறைத்து வைத்த அட்டவணை

மதிய வெயில் சன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் வரிவரியாகக் கிடத்தியிருக்கிறது. குழந்தைகளுக்கான மருந்தளவை ஆராயும் அந்தப் பெண் மூச்சை அடக்கிக்கொண்டு கணினித் திரையைப் பார்க்கிறாள். அவளுடைய அறிக்கை, தரவிலிருந்து முடிவு வரை கணினியே கணக்கிட்டு எழுதித் தருவது. லட்சணமாக இருக்கட்டும் என்று இடைக்கணக்குகளையெல்லாம் மறைத்து, கடைசி வரைபடத்தை மட்டும் அவள் விட்டுவைத்திருந்தாள். குகைக்குள் போன கால்தடங்களை வாசலிலேயே பெருக்கிவிட்டால், உள்ளே சிங்கம் இருப்பது நரிக்கு எப்படித் தெரியும்? காலையில் அந்த வரைபடத்தை நம்பித்தான் மருந்தளவைக் குழந்தைகள் வார்டுக்கு அனுப்பினாள். “இலையைப் போட்டுட்டு அடுப்பங்கரையைப் பூட்டி வச்சிருக்கியேம்மா,” என்று சிரித்தபடியே, பக்கத்து நாற்காலிப் புள்ளியியல்காரர் மறைப்புகளை ஒவ்வொன்றாக நீக்குகிறார். “எல்லாம் சரியாத்தான் சார் இருக்கும்,” என்கிறாள். அந்தக் குரல் அவளுக்கே வேற்றாள் குரலாகக் கேட்கிறது. இடையில் கிடந்த அட்டவணை ஒன்று விரிகிறது. எடை தெரியாத குழந்தைகளுக்கு வெறும் அடையாளமாக இட்ட 99, கிலோ என்றே கணக்கில் ஏறி, மருந்தளவையும் தூக்கிவிட்டிருக்கிறது. மின்விசிறியின் கிறீச்சொலி திடீரென்று பெரிதாகிறது. புள்ளியியல்காரர் கண்ணாடியைக் கழற்றுகிறார். “இன்னும் யாருக்கும் குடுத்திருக்க மாட்டாங்கல்ல?” அவள் தொலைபேசியை எடுத்து வார்டின் எண்ணை அழுத்துகிறாள். திரையில் அந்த 99 இப்போது ஒளிய இடமின்றிப் பளிச்சென்று நிற்கிறது. மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது; எடுப்பாரில்லை.