சுவரோரச் சராசரி

ஏசுவடியானின் உயிருக்கு விலை ஒரு வாரம்.

விற்றவனுக்கு, என்ன சரக்கை விற்கிறோம் என்று அப்போது தெரியாது.

இப்போது தெரியும். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். மீன்பிடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரும் அதை ஒட்டிய கடலும் கம்ப்யூட்டருக்குள் கிடந்தன. கடலைக் கட்டம் கட்டமாக நறுக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் எந்தப் பக்கம், என்ன வேகத்தில் போகும் என்று கணிப்பது அவன் பிழைப்பு.

சுவர் கட்டுவதற்கு முன்பும் அவன்தான் கணித்தான்.

நடுக்கடலுக்குப் பெரிய கட்டம் போதும். சுவரோரம் அப்படியில்லை. கல்லில் உரசும் தண்ணீர் கிழிந்து, உருண்டு, சுழியாகத் திரளும். அதைப் பிடிக்கப் பொடிக் கட்டம் வேண்டும். கூடுதலாக ஒரு வாரம் கேட்டான். கம்பெனி முதலாளி சிவஞானம் முற்றல் கத்தரிக்காயைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தார். வாரம் மூன்று நாளானது. மூன்று நாள் ஒரு நாளானது. அதற்கு மேல் பேரம் பேச இவனுக்கு வெட்கமாகிவிட்டது.

பெரிய கட்டமே போட்டான். ஒரு கட்டத்துக்குள் ஒரு மீன்பிடி வள்ளம் முழுதாக அடங்கும். அதற்குள் சுழி சுற்றினால் என்ன, சும்மா கிடந்தால் என்ன. திரையில் கடல் கட்டிப்போட்ட ஆடு மாதிரி நின்றது.

சுவர் எழுந்தது.

ஆனி மாதத்தில் ஏசுவடியானின் வள்ளம் அந்தச் சுவரில்தான் மோதிச் சிதறியது.

வள்ளங்கள் போய்வரும் பொழிமுகத்தை அதிகாரிகள் மூடினார்கள். மறுபடி கணித்துச் சொல்லுங்கள், திறக்கலாமா என்று கேட்டார்கள்.

இந்த முறை யாரிடமும் கேட்காமல் பொடிக் கட்டம் போட்டான்.

சுழி வந்தது.

சுவர் முனையில், வள்ளம் திரும்புகிற இடத்தில். சிவப்பாக, ஆட்டுரல் குழி மாதிரி. அலை உள்ளே வரும்போது வலமாகச் சுற்றியது. வெளியே போகும்போது இடமாகச் சுற்றியது.

சிவஞானம் பின்னால் வந்து நின்றார். வெகுநேரம் பார்த்தார். கோபப்படவில்லை.

"அவங்க கேட்டது ஒரு வரி. தொறக்கலாமா, வேண்டாமா. இதப் போய்க் காட்டினா மொதல்ல போட்ட கணக்க வெளிய எடுப்பாங்க. அதுல யார் கையெழுத்து இருக்கு?"

அவன் திரையில் சுழியை இன்னும் பெரிதாக்கினான்.

"சராசரி எடுங்க தம்பி. எல்லாம் அடங்கிடும்."

பொய் சொல்லச் சொல்லவில்லை அவர். சராசரி எடுப்பது அந்தத் தொழிலில் அன்றாட வழக்கம். வலம் சுற்றியதையும் இடம் சுற்றியதையும் சேர்த்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

எடுத்தான்.

சுவரோரம் நீலம். ஆடை படியும் பாலைப் போல அமைதி.

வள்ளம் சராசரியில் ஓடுவதில்லை. வலம் சுற்றும் நேரத்திலோ இடம் சுற்றும் நேரத்திலோதான் அங்கே போய்ச் சேரும். அவனுக்குத் தெரியும்.

திறக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

மறுவாரம் ஒரு மதியம், மீனவர் சங்கத் தலைவர் லூர்துமிக்கேல் போனில் கத்தினார். சந்தோஷக் கத்தல்.

"சாரே, தொறந்தாச்சு கேட்டியளா! ரெண்டு மாசமா வள்ளத்துக்குள்ள கோழி முட்ட போட்டுட்டு கெடந்து. நாளைக்கு விடிய எல்லாத்தயும் எறக்குதோம். ஏசுவடியானுக்க தம்பியும் போறான். மொத வள்ளத்துல நீங்களும் வாறியளா? இல்ல, கம்ப்யூட்டருக்குள்ளயே குளிச்சுக்கிடுவியளா?"

பின்னால் பல பேர் சிரித்தார்கள்.

சொல்லிவிடலாம். போகாதீங்க. அவ்வளவுதான். வாயைத் திறந்தான்.

"வரேன்" என்றான்.

அன்று மாலையே ரயில் ஏறினான். ஆனால் வள்ளத்தில் ஏறவில்லை. சுவர்மேல் போய் நின்றுகொண்டான்.

கிழக்கு வெளுக்கும்போது வள்ளங்கள் அவன் காலடியைத் தாண்டி ஒவ்வொன்றாக வெளியேறின. சிலர் கையாட்டினார்கள். இவனும் ஆட்டினான். எண்ணிக்கொண்டே ஆட்டினான்.

நாற்பத்தொன்று.

உச்சி வெயிலுக்குப் பின் காற்று ஏறியது. வள்ளங்கள் திரும்ப ஆரம்பித்தன. சுவர் முனையை ஒவ்வொன்றும் சுற்றி உள்ளே நுழையும்வரை அவன் மூச்சு விடவில்லை.

முப்பத்தெட்டு.

முப்பத்தொன்பது.

வெயில் இறங்கியது. கரையில் மீன் ஏலம் முடிந்து கூடைகளைக் கழுவினார்கள்.

நாற்பது.

எண்ணியதில் எங்கோ தப்பு நடந்திருக்கலாம் என்று, கரையேறி நின்ற வள்ளங்களை முதலிலிருந்து எண்ணத் தொடங்கினான்.

நாற்பது.