மேற்குக் கொல்லை

"நிழல்தானே பெரியவரே. அதுக்கு நாங்க காசா கேக்கறோம்?" என்று ஹெட்மாஸ்டர் மாசிலாமணி சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தின் மேற்கு ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். மாடிக் கட்டடம் வரப்போகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் மல்லாட்டைக் கொல்லை, நிலக்கடலை போட்ட நிலம். மாடி எழும்பிவிட்டால் பாதிக் கொல்லைக்கு இனி காலை வெயில் கிடையாது.

படித்தவன் தரையில் கோடு போட்டால் படிக்காதவனுக்கு ஏதோ போகப்போகிறது. நான் பார்த்த வரைக்கும் அப்படித்தான்.

ஒன்றும் ஆகாது என்று திண்டிவனத்து என்ஜினியரே சொல்லிவிட்டாராம். என்ஜினியர் என்றைக்குக் களை வெட்டினார்?

வெளியே வந்தேன். பரிமளா டீச்சரின் ஏழாம் வகுப்புக்கு ரூம் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே பாடம் நடந்துகொண்டிருந்தது.

செம்பருத்திச் செடியில் சில இலைகளுக்கு நடுவில் மட்டும் கறுப்புக் காகிதம் சுற்றி, இரண்டு நாள் அப்படியே விட்டிருந்தார்கள். டீச்சர் அதில் ஒன்றைப் பறித்துக் காகிதத்தை எடுத்தார். ஸ்பிரிட்டில் வேகவைத்து, பச்சை போனபிறகு, டிங்சர் மாதிரி ஒரு மருந்தைச் சொட்டினார்.

இலை கறுத்தது. காகிதம் இருந்த இடம் மட்டும் கறுக்கவில்லை.

வெயில் படவில்லை, அதனால் அந்த இடத்தில் இலைக்குச் சோறு ஆகவில்லை என்று சங்கவி என்கிற பெண் சொன்னது.

நான் நம்பவில்லை. மருந்தில் ஏதாவது செய்திருப்பார்கள். காகிதம் சுற்றிய இன்னொரு இலையை நானே பறித்துக் கொடுத்தேன். டீச்சர் முகம் சுளிக்காமல் அதையும் வேகவைத்தார்.

அதுவும் அப்படியேதான்.

அந்த இலையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போனேன். டீச்சரும் பின்னால் வந்தார்.

"நீங்க சுத்தனது இம்மாந்துண்டு காயிதம் சார். கொல்லை மேல சுத்தப்போறது எம்மாம் பெருசு?"

மாசிலாமணி டீச்சரைப் பார்த்தார். கட்டடம் அவர் வகுப்புக்குத்தான். எனக்கு எதிராகத்தான் பேசுவார் என்று நினைத்தேன்.

அவர் சொல்வது சரிதான் சார் என்றார் டீச்சர்.

மாசிலாமணி ஜன்னல் வழியாகச் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார். பிறகு, கோட்டை அழித்துவிட்டுக் கிழக்கு ஓரத்தில் போடச் சொல்லலாம் என்றார். ஆனால் அங்கேயும் கொல்லைதான் இருக்கிறது, அதற்குச் சாயங்கால வெயில் போய்விடும், அந்த ஆளும் இலையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் என்ன செய்வது என்று கேட்டார்.

வரமாட்டான் என்றேன்.

எப்படித் தெரியும் என்றார்.

கிழக்குக் கொல்லை என்னுடையது.

மேற்கே இருப்பது என் தம்பி தேவநாதனுடையது. பாகம் பிரித்ததிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. டீக்கடையில் ஊரையே பேசுவான். அதிகாரி முன்னால் நிற்கச் சொன்னால் பேச வாய் வராது.

டீச்சர் ஏதோ சொல்ல வந்தார். நான் விடவில்லை.

"நான் வந்தது அவனுக்குத் தெரிய வேணாம் சார். தெரிஞ்சா, அண்ணன் எறங்கி வந்துட்டான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிவான்."