உள் பேரிங்கும் வெளிப் பேரிங்கும்

ஒரு லாரிச் சக்கரத்தின் நடுவே இரண்டு பேரிங்குகள் குடியிருந்தார்கள். உள்ளே இருந்தவள் பெரியவள். பாரத்தில் முக்கால்வாசி அவள் தலையில்தான். வெளியே மூடியை ஒட்டி இருந்தவள் சின்னவள்.

சக்கரத்தைக் கழற்றினால்தான் பெரியவளுக்குக் கிரீஸ் வைக்க முடியும். மெக்கானிக் தாவீதுக்கு அதற்குப் பொறுமை ஏது? மூடியைத் திறந்து, கைக்கு எட்டிய சின்னவளுக்கு மட்டும் அப்பிவிட்டு மூடிவிடுவார்.

"ஏன்க்கா, எப்பப் பாரு முனகிக்கிட்டே இருக்கே? என்னைப் பாரு, ஒரு சத்தம் உண்டா?" என்றாள் சின்னவள்.

"தொண்டை காஞ்சு கிடக்கிறவகிட்ட வந்து பேசுறா பாரு! உனக்கு வெச்சது வழிஞ்சு மூடியெல்லாம் கிடக்குதேடி. உள்ள ஒருத்தி இருக்கான்னு அந்த ஆளுகிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னா எனக்குக் குறைஞ்சிடுமேக்கா."

அன்றிலிருந்து பெரியவள் கத்த ஆரம்பித்தாள். மேடு ஏறும்போதும் கத்தினாள், இறங்கும்போதும் கத்தினாள். ஒரே வாரத்தில் சக்கரம் கை வைக்க முடியாமல் கொதித்தது. அப்போதுதான் தாவீது அதைக் கழற்றினார்.

"இந்தச் சனியன்தான் இவ்வளவு சத்தம் போட்டது" என்று பெரியவளைத் தட்டி எடுத்து, பழைய இரும்புக் கூடையில் வீசினார்.

கூடையில் கிடந்தபடி அவள் பார்த்தாள். அவள் இடத்தில், உடம்பெல்லாம் கிரீஸ் பளபளக்க, புதிதாக ஒருத்தி வந்து உட்கார்ந்தாள்.

"வாக்கா," என்றாள் சின்னவள். "முன்னாடி இருந்தவளுக்குக் கோபம் ஜாஸ்தி. நீயாவது சத்தம் போடாம இரு."