தூங்குகிறவனை எழுப்ப ஒரு கருவி

அறுபத்தோராம் நாள், முகேஷ்குமார் தூக்கத்திலேயே விறைத்துச் செத்தான்.

செத்தது போனுக்குள். ஆள் என்னவோ தாடிக்கொம்பு பக்கத்தில் தன் வீட்டுக் கட்டிலில், ஃபேன் காற்றில், கால் மேல் கால் போட்டுச் சௌக்கியமாகத்தான் இருந்தான்.

பனிக்காட்டில் ஒற்றை ஆளாக உயிர் பிழைத்துக் கிடக்க வேண்டிய விளையாட்டு அது. விறகு பொறுக்கி, தீ மூட்டி, முயல் சுட்டுத் தின்று இரண்டு மாதம் ஓட்டியிருந்தான். களைப்பில் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கிவிட்டான். தீ அணைந்தது தெரியவில்லை. அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது.

அவனுக்கு ஆத்திரமாக வந்தது. கோடாரி கொடுக்கத் தெரிந்த கம்பெனிக்கு, தூண்டில் கொடுக்கத் தெரிந்த கம்பெனிக்கு, மனுஷனை நேரத்துக்கு எழுப்பிவிட ஒரு கருவி கொடுக்கத் தோன்றவில்லையே.

உடனே யோசனை எழுதி அனுப்பியாக வேண்டும். மணி அதிகாலை மூன்றரை. அவன் போனில் நெட் தீர்ந்திருந்தது. தூங்கிக்கொண்டிருந்த மனைவி அம்பிகாவின் தலைமாட்டிலிருந்து அவள் போனை எடுத்தான். எழுப்பிவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் அதை சைலண்டில் போட்டான்.

அந்தப் போன் அங்கே சும்மா கிடக்கவில்லை.

அவர்களுடைய அரை ஏக்கர் மல்லிகையில் பூ எடுக்க ஒன்பது பெண்கள் வருகிறார்கள். மில் பஸ் சத்தத்தில் முதலில் விழிக்கிற செல்லக்கிளி, அம்பிகாவுக்கு மிஸ்டு கால் கொடுப்பாள். அம்பிகா அதை கட் பண்ணினால் எழுந்துவிட்டாள் என்று பொருள். பிறகு அம்பிகா மாயக்காளுக்கு, மாயக்காள் புவனேஸ்வரிக்கு என்று ஒவ்வொரு வீடாக அந்தக் கால் போய்ச் சேரும். ஒருவரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். ஆறு வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை.

இதெல்லாம் முகேஷ்குமார் தூங்கும்போது நடப்பதால் அவனுக்குத் தெரியாது.

அன்றைக்குத் தவறவே கூடாது. முகூர்த்த நாள். ஆறு மணிக்குத் திண்டுக்கல் போகிற பூ வண்டியில் மூட்டை ஏறியாக வேண்டும். செடியில் நின்றுபோன மொட்டு சாயங்காலம் மலர்ந்துவிடும். மலர்ந்த பூவை மார்க்கெட்டில் சீந்த ஆள் கிடையாது. இந்த ஒரு நாளை நம்பித்தான், மோட்டார் புகைந்துபோன கோடையில் அம்பிகா குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து செடியைக் காப்பாற்றியிருந்தாள்.

முகேஷ்குமார் எழுதத் தொடங்கினான். தமிழில் அடித்தால் இங்கிலீஷாக்கித் தரும் ஆப் இருந்தது. ஒரு தகர டப்பா, அதற்குள் கூழாங்கல், கட்டித் தொங்கவிட ஒரு கயிறு, கயிற்றுக்கு அடியில் மெழுகுவர்த்தி. மெழுகுவர்த்தி எரிந்து கயிற்றை அறுத்தால் டப்பா விழும், தூங்குகிறவன் எழுந்து தீக்கு விறகு போடுவான். படம்கூட வரைந்து இணைத்தான்.

‘தனியாகக் கிடப்பவனைத் தட்டி எழுப்ப ஒரு நாதி இல்லை’ என்று எழுதிவிட்டு, அதை அவனே இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டான்.

அந்த உருக்கமான இடத்தில், எழுதியதை மறைத்துக்கொண்டு ‘செல்லக்கிளி அக்கா’ என்று திரையில் வந்தது.

கட் பண்ணினான்.

செல்லக்கிளி திருப்தியோடு தோட்டத்துக்குக் கிளம்பிப் போனாள். செத்த நேரம் நின்று பார்த்துவிட்டு மறுபடி அடித்தாள். மறுபடி கட் பண்ணினான். இம்புட்டு வேகமாக கட் பண்ணுகிறவள் பாதி வழி வந்திருப்பாள் என்று நினைத்து, அவள் பூ எடுக்க ஆரம்பித்துவிட்டாள். எடுக்கிற மும்முரத்தில், யாருமே வரவில்லை என்பது வெளுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

யோசனை போய்ச் சேர்ந்தது. நன்றி என்று பதிலும் வந்தது. உலகத்துக்கு ஒரு நல்ல காரியம் செய்த நிறைவில் முகேஷ்குமார் போனை இருந்த இடத்தில் வைத்துவிட்டுக் கண்ணயர்ந்தான்.

அவன் எழுந்தபோது வெயில் உள்ளே வந்திருந்தது. பூ வண்டி எப்போதோ போய்விட்டது. வாசலில் ஒன்பது பெண்களும் நின்றார்கள். மாயக்காள் அம்பிகாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“மிஸ்டு கால் வல்லைன்னதும் உனக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு தாயி, அப்புடியே ஓடியாரோம்!”

பூ போனதைப் பற்றி யாரும் பேசவில்லை. புவனேஸ்வரி அம்பிகாவின் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்த்தாள். செல்லக்கிளி மட்டும், தான் இரண்டு தடவை அடித்ததாகவும் இரண்டு தடவையும் கட் ஆனதாகவும் சத்தியம் செய்துகொண்டிருந்தாள்.

அம்பிகா போனைத் திறந்து பார்த்தாள். மூன்றரைக்கு மேல் செல்லக்கிளி அடித்த இரண்டு அழைப்புகளும் கட் ஆகியிருந்தன. இங்கிலீஷில் ஒரு நன்றிக் கடிதம் இருந்தது. கடிதத்துக்குக் கீழே டப்பாவின் படம் இருந்தது.

நிலைப்படியில் நின்ற முகேஷ்குமாருக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. அவள் கத்தியிருந்தால்கூட அவனுக்குத் தேவலாம் போலிருந்தது. அவள் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

“போன்ல ஏதோ கோளாறுக்கா, இனி இத நம்ப வேணாம். நாளையிலருந்து இவுகளே வீடு வீடா வந்து எழுப்பிவிடுவாக. மூணரைக்கு எப்புடியும் முழிச்சுத்தான இருக்காக.”

பெண்கள் அவனை ஏற இறங்கப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. நல்ல ஏற்பாடுதான் என்று ஒப்புக்கொண்டு, முதலில் யார் வீடு, அடுத்து யார் வீடு என்று அங்கேயே பேசி முடித்தார்கள்.

பனிக்காட்டில் எந்தக் குகை எங்கே இருக்கிறது என்பது முகேஷ்குமாருக்கு அத்துப்படி. மாயக்காள் வீடு எந்தத் தெரு என்று அவன் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.