தோட்டாப் பட்டை

இரட்டைக்குழல் துப்பாக்கிக்குப் பொறுமை போய் நாலு வாரமாகிறது. கடலைக்காட்டுக் காவலுக்கு அதை வைத்திருந்த சடையாண்டி, உதிரித் தோட்டாக்களைச் செருகி வைக்க மலிவாக ஒரு பட்டை தேடி வாராவாரம் டவுனுக்குப் போய்க்கொண்டிருந்தான். தோல் பட்டை விலை அதிகமாம்; எலாஸ்டிக் பட்டை தொளதொளவென்று இருக்கிறதாம். அளவு பார்க்கவென்று, இருந்த ஏழு தோட்டாக்களையும் கையோடு கொண்டுபோய்விடுவான்.

அன்றும் அவன் தலை மறைந்ததும் காட்டுப்பன்றி குட்டிகளோடு வந்து கடலைச்செடியைத் தோண்டியது.

"ஏய், குடிசையில நான் இருக்கறது தெரியலையா?" என்று கத்தியது துப்பாக்கி.

"தெரியுதுண்ணே. உங்க வயித்துல ஒண்ணும் இல்லைன்னும் தெரியும்" என்றது பன்றி, மென்றுகொண்டே.

சாயங்காலம் சடையாண்டி சிரித்த முகத்தோடு வந்தான். பாதி விலைக்குப் பட்டை கிடைத்துவிட்டது. துப்பாக்கியின் பின்பக்க மரக்கட்டையில் அதை மாட்டி, ஏழு தோட்டாக்களையும் செருகினான். கச்சிதமாக நின்றன.

துப்பாக்கி 'அப்பாடா' என்பதற்குள், "இனி உன்னைத் தோள்ல மாட்ட ஒரு வார் மலிவாக் கிடைச்சாப் போதும். அளவு பார்க்க அடுத்த வாரம் நீயும் வா" என்றான்.

தலையில் அடித்துக்கொள்ளத் துப்பாக்கிக்குக் கை இல்லை.

வேலியோரம் பன்றி குட்டிகளிடம் சொன்னது: "அத்தை வீட்டுக்கும் சொல்லி விடுங்கடா. அடுத்த வாரம் துப்பாக்கியும் ஊர்ல இல்லையாம்."