துண்டு போட்ட ஸ்டேக்

தம்பி கத்தியைக் கையில் எடுத்ததும் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டு தடவை கோட்டைவிட்டு, மூன்றாவது தடவையில் கிரேன் ஓட்டும் லைசென்ஸை வாங்கிவிட்டான் தம்பி. அந்தச் சந்தோஷத்துக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியான விருந்து. தன் கையாலேயே மாட்டுக்கறி ஸ்டேக் செய்யப்போவதாகச் சொல்லி, அக்காவையும் அத்தானையும் அழைத்திருந்தான்.

அக்கா பெரிய ஹோட்டல் ஒன்றில் சாப்பாட்டுக் கூடத்துக்கு சூப்பர்வைசர். மேஜைவிரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. வெந்நீர் போடச் சொன்னாலே பாத்திரத்தைக் கருக்குகிற தம்பி, நல்ல கறியை என்ன பாடு படுத்தப்போகிறானோ என்று அடுப்படி வாசலிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் குறை சொல்ல இடமே வைக்கவில்லை அவன். கறியை முன்கூட்டியே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்திருந்தான். ஈரம் போகத் துணியால் ஒற்றி எடுத்து, உப்பும் மிளகும் தடவினான். இரும்புச் சட்டி புகைகிற வரைக்கும் பொறுத்திருந்து கறியைப் போட்டான். சுர்ரென்று சத்தம் கிளம்பியதும் அவன் பிள்ளைகள் இரண்டும் கைதட்டின.

கிளறவில்லை, குத்திப் பார்க்கவில்லை. ஒரு பக்கம் நன்றாகச் சிவந்த பிறகுதான் திருப்பினான். வெண்ணெயும் நசுக்கிய பூண்டும் சேர்த்து, சட்டியைச் சாய்த்து, உருகிய வெண்ணெயைக் கரண்டியால் மேலே ஊற்றிக்கொண்டே இருந்தான். வாசனை கதவைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, என்ன விசேஷம் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இறக்கியதும் பரிமாறாமல், மூடி வைத்துச் சூடு தணிய விட்டான். அப்போதுதான் சாறு வெளியே ஓடாது, கறி மெத்தென்று இருக்கும் என்று மனைவிக்கு விளக்கம் வேறு. எங்கள் ஹோட்டல் சமையல்காரருக்குக்கூட இவ்வளவு பொறுமை கிடையாது என்று அக்கா மனசுக்குள் மெச்சிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கத்தியை எடுத்தான். ஒவ்வொரு ஸ்டேக்கையும் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே சீவி, வாய்க்கு அடங்குகிற அளவில் துண்டு போட்டான். ஒரு தட்டைக்கூட விட்டுவைக்கவில்லை.

"என்னடா பண்றே? முழுசா வைக்கணும்டா. அவங்கவங்க வெட்டிச் சாப்பிடறதுலதான் அதோட அழகே இருக்கு."

"பிள்ளைங்களுக்கு வெட்டி வெட்டிக் கை பழகிப்போச்சுக்கா" என்று சிரித்தான் தம்பி.

அக்காவுக்கு மனசு ஆறவில்லை. மேஜையில் உட்கார்ந்த பிறகும் விடவில்லை. கத்திகூட எடுத்து வைக்காமல் ஃபோர்க்கை மட்டும் வைத்தால் என்ன அர்த்தம், வந்தவர்களுக்குச் சாப்பிடத் தெரியாது என்று நினைத்துவிட்டாயா என்று பொரிந்து தள்ளினாள். தம்பியின் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தம்பி முந்திக்கொண்டான். போன தடவைத் தேர்வில், தான் தூக்கிய இரும்புப் பெட்டி காற்றில் ஆடி, தேர்வு அதிகாரியின் தொப்பியைத் தட்டிக்கொண்டுபோன கதையை எடுத்துவிட்டான். தொப்பியைத் தேடி அந்த மனிதர் மணல்மேட்டில் ஏறியதை அவன் நடித்துக் காட்டியபோது, அக்காவுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

எல்லாரையும்விட ரசித்துச் சாப்பிட்டவர் அவள் கணவர்தான். முதல் துண்டை வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். தட்டைக் காலி செய்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று வெட்கமில்லாமல் கேட்டு வாங்கினார். வெளியில் சாப்பிட வந்தாலே கொறித்துவிட்டு எழுந்துவிடுகிற மனிதர்!

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது அக்கா மறுபடியும் ஆரம்பித்தாள்.

"கறி என்னவோ பஞ்சு மாதிரிதான் இருந்துச்சு. ஆனா இப்படிக் கொத்திப் போட்டுட்டானே. வேற யாராவது வந்திருந்தா மானம் போயிருக்கும்."

கணவர் நடையை நிறுத்தினார்.

அவர் பிளம்பர். கொஞ்ச நாளாகவே வலது கட்டை விரலில் பிடிமானம் இல்லை என்று அப்போதுதான் சொன்னார். வேலையிடத்தில் ஸ்பேனரைத் திருப்புவது உதவியாள்தானாம். நரம்பு வீங்கியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, பயிற்சி செய்தால் பழையபடி ஆகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவள் பதறுவாளே என்றுதான் வாயைத் திறக்கவில்லையாம்.

"இன்னிக்குக் கத்தியைக் குடுத்திருந்தா எல்லார் முன்னாடியும் திண்டாடியிருப்பேன். எனக்கு மட்டும் வெட்டிக் குடுத்திருந்தா அதைவிடக் கூச்சமா இருந்திருக்கும். அதான் எல்லார் தட்டுலயும் வெட்டி வச்சுட்டான்."

அக்கா அவர் கையை எடுத்து, கட்டை விரலை மெல்ல நீவிவிட்டாள். கோபம் வந்தது. தம்பியை நினைத்தால் பூரிப்பாகவும் இருந்தது.

"என்கிட்ட மறைச்சுட்டு அவன்கிட்ட மட்டும் சொன்னீங்களாக்கும்?"

"நான் யார்கிட்டயும் சொல்லலை. இன்னிக்குக் கை கழுவப் போனப்போ அவனாத்தான் கேட்டான், டாக்டரைப் பார்த்தீங்களா அத்தான்னு."

"அவனுக்கு எப்படித் தெரியும்?"

கணவர் சிரித்தார்.

"போன மாசம் உங்க ஹோட்டல்ல நாம எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டோமே. நீ பக்கத்து மேஜையில ஸ்பூனை ஒழுங்கா வச்சிருக்காங்களான்னு பார்த்துட்டிருந்தே. அவன் என் கையைப் பார்த்துட்டிருந்தான்."