தொண்ணூற்றொரு சதவீதம்

ஐந்தரைக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். கேஸ் அடுப்பில் பால் வைத்தேன். விறகடுப்பை முன்னமே இடித்துவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் விறகுக் குவியல் இருந்த இடம் காலி. கரிசல் மட்டும் வெடித்துக் கிடக்கிறது.

இன்று ஓட்டுப்பதிவு. நான் வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீஸ் லீவு. குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு, போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ‘மிக முக்கியம்’, ‘ஓரளவு’, ‘முக்கியமில்லை’ என்று மூன்று பதில்கள். முடித்தால், நம் எண்ணத்துக்கு எந்த வேட்பாளர் எத்தனை சதவீதம் பொருந்துகிறார் என்று காட்டும். அடுத்த தெருக் காளீஸ்வரன் அனுப்பியது. என்னோடு காலேஜில் படித்தவன்.

பழைய முடிவுகள் அப்படியே இருந்தன.

மாரிச்சாமி, 64 சதவீதம். காலை 7.12.

பொன்மணி, 91 சதவீதம். காலை 7.48.

இரண்டும் ஒரே நாள். அன்றைக்குத்தான் என் மனைவி பொன்மணி இறந்தாள். பதினெட்டு நாள் ஆகிறது.

அவளுக்கு வந்தது ஒரு சுயேச்சை. நான் அவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

வாசலில் பைக் நின்றது. காளீஸ்வரன்.

“ஏலே மாரி, கிளம்பலையா? வெயில் ஏறிட்டுன்னா வரிசைல நின்னே கருவாடாப் போவோம். யாருக்குலே போடப்போற? போன்ல வந்தவனுக்கா?”

“பொன்மணிக்கு வந்தவனுக்கு.”

அவன் வண்டியை அணைத்தான். குரல் இறங்கிவிட்டது.

“மதினி சொல்லிருந்தாவளா?”

அவள் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லியிருக்கவில்லை.

அன்று நான் கேள்விகளில் இருந்தபோது, விறகு எடுக்கப் போனவள் திரும்பி வந்தாள். காலில் ஏதோ குத்திவிட்டது என்றாள். சீமைக்கருவேல விறகு. வாரத்துக்கு நாலு தடவை குத்தும். இந்தப் பக்கம் யாரும் அதற்காகக் காலைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

பாயில் சாய்ந்தாள். நான் முடித்தேன். குளித்தேன். காபியை நானே போட்டுக் குடித்தேன்.

இமை பாதி மூடியிருந்தது. தூங்குகிறாள் என்று நினைத்தேன். எழுப்ப மனமில்லை. அவள் பெயரைப் போட்டு, அவளுக்கும் நானே பதில் சொன்னேன்.

குடிதண்ணீர், மிக முக்கியம். நூறு நாள் வேலை, மிக முக்கியம். சாராயக் கடை மூடுவது, மிக மிக முக்கியம் என்பாள். அப்படி ஒரு பதில் இல்லை.

ஊருக்குப் பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி. இதற்குக் கொஞ்சம் யோசித்தேன். கல்யாணமாகி நான்கு வருடத்தில் ஒருநாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை. முக்கியமில்லை.

91 வந்தது. காட்டுவதற்காகச் சிரித்துக்கொண்டே போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

அவள் பார்க்கவில்லை.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில், ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். சாயங்காலம் ஊர்க்காரர்கள் விறகுக் குவியலைப் பிரித்தார்கள். அடியில் கட்டுவிரியன் இருந்தது.

இப்போது பொன்மணி பெயரைத் தொட்டேன். ஆஸ்பத்திரிக் கேள்விக்குப் போனேன். ‘மிக முக்கியம்’ என்று மாற்றினேன்.

88 சதவீதம். அதே ஆள்.

“வாலே, போவோம்” என்றான் காளீஸ்வரன், என்னைப் பார்க்காமல்.

பூத் சிலிப்பை எடுத்துக்கொண்டேன். இரண்டு இருந்தன. ஒன்றை மேஜையிலேயே வைத்தேன்.

கடைசியாக என்ன சொன்னாள் என்று அவள் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். உங்களைத்தான் கேட்டாள் என்று சொல்லிவைத்தேன். பதினாறாம் நாள் வந்தவர்களிடம் எல்லாம் அவர் அதைச் சொல்லி அழுதார்.

அன்று நான் ஏழாவது கேள்வியில் இருந்தேன். போனிலிருந்து கண்ணை எடுக்காமல், பாதி எழுந்து, காலைக் காட்டு என்றேன்.

“முள்ளுதான். நீங்க முடிச்சிட்டு வாங்க.”